வாதாம் சருகும் கேஸ் நாத்தமும்

குணசுந்தரியைப் போன வாரம் கோபத்தில் விட்டுவிட்டு வந்தோம். கோபம் இன்னும் ஆறவில்லை. போதாததற்கு இப்போது சந்தேகமும் சேர்ந்துகொண்டது. கோபக்கார மாமியாரோடு எப்படியோ காலம் தள்ளிவிடலாம். சந்தேகக்கார மாமியார் இருக்கும் வீட்டில் தண்ணீர் குடித்தால்கூட "எதுக்கு இப்போ தண்ணி?" என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் குடிக்க வேண்டும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டும் நாலு வார்த்தை. இது திருவொற்றியூர் கடலோரக் குப்பம். குணசுந்தரிக்கு மீன் வியாபாரம். புருஷன் ராமதாஸ் போட்டில் தங்கலுக்குப் போயிருக்கிறார், நடுக்கடலிலேயே தங்கி மீன் பிடித்துவிட்டுக் கரைக்கு வர நாளாகும். ஒரே பிள்ளை வெற்றி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் கம்பெனியில் ஆபரேட்டர். அவன் காதலித்துக் கட்டிக்கொண்டவள் ஞானசெல்வி. ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் தவசிமுத்துவின் மகள்.

கொஞ்ச நாளாகவே வெயில் ஏறினால் தெருவில் கண் எரிகிறது. மூக்குக்குள் ஊசி இறங்குவதுபோல ஒரு நெடி. ஐஸ் கம்பெனியில் குளிரூட்டுவதற்கு ஓடும் அமோனியாவின் நெடி இந்தத் தெருவுக்குப் புதிதில்லை. போன ஐப்பசியில் மெய்யாகவே குழாய் கசிந்து, பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி வாசலிலேயே மயங்கி விழுந்தாள். அன்றைக்குப் பிடித்த இருமல் அவளை இன்னும் விடவில்லை.

அதனால் இந்த முறை குணசுந்தரி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பெண்களைத் திரட்டிக்கொண்டு போய்க் கம்பெனி வாசலை மறித்தாள். முதலாளி ஜெகதீசன் வெளியே வந்து பெண்களிடம் ஒன்றும் பேசவில்லை. வெற்றியைத்தான் கூப்பிட்டார்.

"நாத்தம் வருதுன்னு சொல்ற நேரமெல்லாம் உன் ஷிப்டுதான். நீதான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கே. அதிகாரி வந்து பார்க்கட்டும். லீக்னு சொல்லிட்டார்னா, நீ இந்தப் பக்கமே வராதே."

அந்தத் தொழிற்சாலை ஆய்வு அதிகாரி இன்றைக்குச் சாயங்காலம் வருகிறார். அம்மா போட்ட சண்டையில் பிள்ளையின் வேலை ஊசலாடுகிறது.

*

காலையில் ஞானசெல்வி முறத்தில் காய்கறித் தோலோடு பின்பக்கம் போனாள்.

பின்பக்கம் என்றால் கொஞ்சம் மணல், ஒரு வாதாம் மரம், ஒரு சுவர். சுவருக்கு அப்பால் சந்து. சந்துக்கு அப்பால் ஐஸ் கம்பெனி மதில். வாதாம் மரம் இலை உதிர்க்க ஆரம்பித்தால் வீட்டுக்காரர்கள் கையில் விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டுத்தான் ஓயும். அவ்வளவு சருகையும் எடுக்க முடியாது என்று குப்பை வண்டிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். கொளுத்தினால் புகை, அதற்கொரு சண்டை.

அதனால் தை மாதம் ஞானசெல்வி ஒரு பழைய கிணற்று உறையை மரத்தடியில் நிறுத்தினாள். காய்ந்த சருகு ஒரு அடுக்கு, பச்சைக் கழிவு ஒரு அடுக்கு, கொஞ்சம் தண்ணீர்த் தெளிப்பு. ஆடிக்குள் எருவாகிவிடும், மாடியில் கத்தரி போடலாம் என்பது கணக்கு. காக்கையும் பூனையும் கிளறாமலிருக்க மாமனாரின் கிழிந்த வலையை மேலே போட்டுக் கட்டி வைப்பாள்.

அந்த முடிச்சில்தான் இன்றைக்கு வினை.

ஞானசெல்வி போடுவது கடைக்காரர் மகளின் கட்டு. சர்க்கரைப் பொட்டலத்துக்குப் போடும் சுருக்கு, ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். இப்போது அவள் இழுத்தாள், அவிழவில்லை. குனிந்து பார்த்தாள். வலைக்காரர்கள் போடுகிற முடிச்சு. நகத்தால் நெம்பினாலும் அசையவில்லை.

யாரோ அவிழ்த்திருக்கிறார்கள், அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டியும் இருக்கிறார்கள். யார்? இந்தக் குப்பத்தில் அந்த முடிச்சைப் போடத் தெரியாதவள் அவள் ஒருத்திதான். சந்தேகப்படுவதென்றால் தெரு முழுக்கச் சந்தேகப்பட வேண்டும். சந்துப் பக்கத்துக் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. ஜெகதீசன் ஆள் எவனாவது உள்ளே வந்து போகிறானோ?

"இன்னா, காலங்காத்தால அங்க குந்திகினு?" சமையலறை ஜன்னலில் குணசுந்தரியின் முகம்.

"அத்தை, இந்த வலையை யாராவது அவிழ்த்தாங்களா?"

"அந்தக் கலீஜ் குழிய யார்மா தொறக்கப் போறாங்க? உள்ள இன்னா தங்கமா கீது?"

"முடிச்சு மாறியிருக்கு அத்தை."

"வூட்ல ஒருத்தன் பொழப்பே போவப் போவுது, நீ முடிச்ச பாத்துகினு கீறியா? நானும் கேக்கணும்னுதான் இருந்தேன். குப்பைக்கு எவளாச்சும் கட்டு போடுவாளா? அப்படி இன்னாத்த மூடி மூடி வெக்கற?"

"பூனை வரும் அத்தை."

"பூனை!" என்றாள் குணசுந்தரி. அந்த ஒரு வார்த்தையில், நீ சொல்வதை நான் நம்பவில்லை என்பதை முழுசாகச் சொல்லிவிட்டாள்.

அதற்குள் வெயில் மரத்தைத் தாண்டி உறைமேல் விழுந்தது. நெடி வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கண்ணில் நீர் கட்டியது.

"வந்துடிச்சி பாரு கேஸு! அந்த ஜெகதீசன் நாசமா போவ!" என்று கத்திக்கொண்டே குணசுந்தரி ஜன்னலைச் சாத்தினாள்.

ஞானசெல்வி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உறையில் கை பட்டது, சுட்டது. மக்குகிற குப்பை சூடாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டாள்.

*

கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வெற்றி வந்தபோது அவன் சட்டைப்பையில் மஞ்சளாய் நாலைந்து குச்சிகள் இருந்தன. கூட வேலை செய்யும் சவரிநாதனிடம் கெஞ்சி வாங்கி வந்திருந்தான்.

"யம்மா, எழுந்து வா. சந்து பூரா ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வரலாம்."

"இன்னாடா அது, ஊதுவத்தி?"

"கந்தகக் குச்சிம்மா. கம்பெனியில லீக் கண்டுபுடிக்க இத்ததான் கொளுத்துவோம். கேஸ் கீற எடத்துல பொகை வெள்ளையா பொங்கும். இல்லாங்காட்டி மெலிசா போய்க்கினே இருக்கும்."

"கம்பெனி குச்சி எனக்கு மெய்ய சொல்லுமா?"

"எவன் சம்பளம் குடுக்கறான்னு குச்சிக்குத் தெரியாதும்மா. அதான் உன்னயும் கூப்புட்றேன். அப்பால என்னை டபாய்ச்சிட்டானுங்கன்னு சொல்லக்கூடாது பாரு."

குணசுந்தரி எழுந்தாள். குச்சியை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

சந்துக்குள் இறங்கினார்கள். வெற்றி குச்சியைக் கொளுத்தி மதிலோரமாக நீட்டிக்கொண்டே நடந்தான். ஐஸ் கம்பெனியின் பின் மூலையிலிருந்து முன் கேட்டு வரைக்கும் புகை மெலிசாகவே போனது. வெற்றியின் முகத்தில் பல நாள் கழித்து ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"பாத்தியாம்மா? ஒண்ணுமில்ல."

"காத்து அந்தாண்ட அடிக்குது."

"சரி, திரும்பியும் வா."

திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. அவர்கள் வீட்டுப் பின்கதவுக்கு நேராக வந்ததும் புகையின் நுனி வெளுத்தது. வெற்றி நின்றான். கையை மதில் பக்கம் நீட்டினான், மெலிந்தது. வீட்டுப் பக்கம் நீட்டினான், வெளுத்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே இரண்டு எட்டு வைத்தான். வாதாம் மரத்தடியில், உறைக்கு மேலே, இட்லிப் பானையைத் திறந்த மாதிரி வெள்ளைப் புகை பொங்கியது.

குணசுந்தரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"டேய்! உன் பொண்டாட்டி குழிடா! அதான் கட்டிக் கட்டி வெச்சிகினு இருந்தா! ஏ செல்வி! வெளிய வா! உங்க நைனா கடையிலேர்ந்து இன்னாத்த எடுத்தாந்து பொதைச்சி வெச்ச?"

ஞானசெல்வி வெளியே வந்தாள். புகையைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். சாதாரணமாகப் பட்டணத்துப் பேச்சுப் பேசுகிறவளுக்குக் கோபம் வந்தால் மட்டும் அவள் அப்பா ஊரான நெல்லைச் சீமை நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"நான் என்னத்தைப் புதைக்கப் போறேன்? சருகும் காய்த்தோலும்தான் போடுதேன். வாய்க்கு வந்தபடி பேசுதீங்களே, தோண்டிப் பாத்துட்டுப் பேசுங்க!"

"தோண்டுடா வெற்றி!" என்றாள் குணசுந்தரி. சொன்ன பிறகுதான் அவள் குரல் ஒரு மாதிரியாகக் கம்மியது. ஆனால் அதற்குள் வெற்றி கத்தியால் முடிச்சை அறுத்துவிட்டான்.

மேலே வாதாம் சருகு. மண்வெட்டியால் ஓரத்தில் ஒரு தள்ளு தள்ளினான். அடியில் மீன் தலைகள், செவுள், குடல், செதில், எல்லாம் கொழகொழத்துக் கிடந்தன. நடுநடுவே வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். நெடி அடித்த வேகத்தில் மூன்று பேரும் சுவரோரம் ஓடினார்கள். வெற்றிக்கு இருமல் நிற்கவே நேரமானது.

"சுண்ணாம்பு," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மீனு அழுகினாலே கேஸ் கெளம்பும். மேல சுண்ணாம்பு கொட்டினா, உள்ள கீறத மொத்தமா வெளிய தள்ளிடும். நாம கேட்டாண்ட போய் சண்டை போட்டது இதுக்குத்தானா? இத்த எவன் செஞ்சான்?"

ஞானசெல்வி கீழே கிடந்த அறுந்த முடிச்சை எடுத்தாள். இத்தனை நேரம் தெரு முழுக்கச் சுற்றிய அவள் சந்தேகம் இப்போது வீட்டுக்குள் வந்து நின்றது.

"அத்தை, இது உங்க முடிச்சா?"

குணசுந்தரி மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆமாண்டி. என்துதான். இன்னான்ற இப்ப?"

"யம்மா!"

"நீ சும்மா இர்றா. அவகிட்ட பேசறேன். இந்த உறைய நிறுத்தின அன்னிக்கி இன்னா சொன்ன? 'மீன் மட்டும் இதுல போடாதீங்க அத்தை, நாறும்'னு சொன்ன. மீனு வித்து கட்டின வூடு இது. நீ தலைக்கு வெச்சிகினு தூங்கற தலகாணி மீனு காசு. இங்க வந்து மீனு நாறுதுன்னு சொல்லுவியா? அன்னிக்கேர்ந்து எனக்குத் தாங்கல. கழுவற மீனுல வர்ற கழிவ தெனம் கொணாந்து அதுலயே போட்டேன். நீ கண்டுபுடிக்கக் கூடாதுன்னு, பொங்கலுக்கு வெள்ளையடிச்சி மிச்சம் கீற கிளிஞ்சல் சுண்ணாம்ப மேல தூவி, சருகத் தள்ளி மூடினேன். இத்தினி நாளு உன் சுருக்கையே பாத்து போட்டேன், நேத்து அவசரத்துல கை என் முடிச்ச போட்டுடிச்சி. மீனு அழுகின எடத்துல சுண்ணாம்பு தூவினா நாத்தம் அடங்கும்னுதான் எங்களுக்குத் தெரியும். அது கேஸா வரும்னு நான் இன்னாத்த கண்டேன்?"

ஞானசெல்வியின் கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

"நான் மீனைக் கேவலமாச் சொல்லலை அத்தை. பூனை கிளறும், புழு வைக்கும்னுதான் சொன்னேன். அப்பவே என்னை நாலு திட்டியிருக்கலாமே."

"திட்டியிருக்கலாம்," என்றாள் குணசுந்தரி. அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஊரைக் கூட்டிக்கொண்டு போய் வாசலை மறித்த வாய் இப்போது வார்த்தை தேடியது. வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. சாயங்காலம் அதிகாரி வருவார். அவரிடம் என்ன சொல்வது?

*

குழியைச் சரிசெய்யவே மத்தியானம் ஆகிவிட்டது. ஞானசெல்வி கட்டி வைத்திருந்த சருகு மூட்டைகளை எல்லாம் பிரித்தார்கள். சுண்ணாம்புக் கட்டிகளைப் பொறுக்கி எடுத்து, மீன் கழிவைப் பரப்பி, காய்ந்த சருகை ஒன்றுக்கு மூன்றாகக் கொட்டிக் கிளறினார்கள். காற்றுப் பட்டுச் சருகு ஈரத்தை இழுத்துக்கொண்டதும் நெடி கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே மண்வெட்டியை மாற்றி மாற்றிப் பிடித்து வேலை செய்தது இந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல்முறை.

"சாயங்காலம் அல்லார் முன்னாடியும் சொல்லிடும்மா," என்றான் வெற்றி. "லீக் இல்லன்னு தெரிஞ்சா என் வேலை தப்பிச்சிடும்."

"உன் வேலை தப்பிச்சிடும். அப்பால மெய்யாலுமே கேஸ் வுட்டா எவன்டா நம்புவான்? 'போன தபா மீன் தலையப் பாத்துட்டு கத்தினவளுங்கதானே'ன்னு சிரிப்பான். புஷ்பா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"நான் போட்டதா சொல்லிடறேன் அத்தை," என்றாள் ஞானசெல்வி. "வெளியாளு, வீடியோ பாத்து என்னத்தையோ பண்ணிட்டான்னு என்னை மட்டும் சிரிச்சிட்டுப் போயிருவாங்க. உங்க வார்த்தைக்குக் குறை வராது."

குணசுந்தரி அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். சந்தேகம் திரும்பவும் எட்டிப் பார்த்தது.

"இன்னாத்துக்கு என் பழிய நீ தூக்கற? அப்பால காலம் பூரா சொல்லிக் காட்டவா?"

"காலம் பூரா மாட்டேன். அப்பப்போ."

வெற்றி சிரித்துவிட்டான். குணசுந்தரி சிரிக்கவில்லை. ஆனால் மண்வெட்டியை மருமகள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "தள்ளு, எனக்கொண்ணும் வேற ஒருத்தி வாய் தேவையில்ல," என்றாள்.

*

சாயங்காலம் கம்பெனி வாசலில் தெருவே நின்றது. அதிகாரி கண்ணாடி போட்ட அமைதியான மனிதர். பக்கத்தில் ஜெகதீசன், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். பெண்களுக்கு முன்னால் புஷ்பவல்லி, வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு. அவள் குணசுந்தரியின் தோளைத் தட்டி, "சொல்லு குணா, நல்லா கேளு," என்றாள்.

புஷ்பவல்லி தோளில் வைத்த கையை எடுக்காமலே கூட வர, குணசுந்தரி முன்னால் வந்தாள்.

"சார், இப்ப கொஞ்ச நாளா வர்ற நாத்தம் கம்பெனி நாத்தம் இல்ல. என் வூட்டு நாத்தம். மருமக சருகு மக்க வெக்கற குழியில நான்தான் அவளுக்குத் தெரியாம மீன் கழிவப் போட்டு சுண்ணாம்பத் தூவினேன். அது கேஸாட்டம் கெளம்பிடிச்சி. தப்பு என்து. எம் புள்ளை மேல தப்பில்ல."

கூட்டம் ஒரு நிமிஷம் புரியாமல் நின்றது. பிறகு பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள். அது பரவியது. புஷ்பவல்லி மட்டும் சிரிக்கவில்லை. தோளில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். அந்தக் கை போனதுதான் குணசுந்தரிக்குச் சிரிப்பைவிட அதிகமாக வலித்தது.

ஜெகதீசனும் சிரித்தார். பெருந்தன்மையாக.

"பெரிய மனசும்மா உங்களுக்கு. வெற்றி, நாளைக்கு எப்பவும்போல வந்து ஷிப்டு ஏறு." அவர் கூட்டத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "அப்படியே இன்னொண்ணும் சொல்லிடுங்கம்மா. ஐப்பசியில சொன்னதும் இதே மாதிரி எதாவது குழியாத்தான் இருந்திருக்கும்னு. இவங்க எல்லாரும் இருக்கும்போதே சொல்லிட்டீங்கன்னா, உங்க பையனும் எங்ககிட்ட நிம்மதியா இருப்பான்."

சிரிப்பு நின்றுவிட்டது. புஷ்பவல்லிக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

குணசுந்தரி பிள்ளையைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்திருந்தான். ஒரு வார்த்தை போதும், அவன் வேலை கெட்டிப்பட்டுவிடும். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. வந்தது கோபம்தான். நல்லவேளை.

"இந்த மாசத்து நாத்தம் என்து. ஐப்பசி நாத்தம் உன்து. என்து நான் ஒத்துகினேன், அல்லார் முன்னாடியும். உன்தையும் சேத்து நான் தூக்கிக்க மாட்டேன்."

"அப்போ உங்க பையனுக்கு..."

"எம் புள்ளை வேற எடத்துல வேலை பாப்பான்."

பெண்கள் பக்கம் ஒரு சத்தம் எழுந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அம்மா நேர்மையாத்தான் சொல்றாங்க. வந்தது வந்தோம், உள்ளேயும் ஒரு தடவை பார்த்துட்டே போயிடலாமே?"

"தாராளமா பாருங்க சார்," என்றார் ஜெகதீசன். குரலில் ஒரு தயக்கமும் இல்லை. "மறைக்க எங்ககிட்ட ஒண்ணுமில்ல. வாங்க."

கேட்டைத் திறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். வாட்ச்மேன் சாவியை எடுத்தான்.

"வேணாம் சார். உள்ள போவாதீங்க."

சொன்னது ஜெகதீசன் இல்லை. வெற்றி.

ஜெகதீசனே திடுக்கிட்டுத் திரும்பினார். அதிகாரி, "ஏம்பா?" என்றார். வெற்றியின் முகத்தில் காலையில் வந்த சிரிப்பின் தடம்கூட இல்லை. பக்கத்தில் நின்ற ஞானசெல்வி தன்னை அறியாமல் ஒரு அடி தள்ளி நின்றாள்.

குணசுந்தரி குச்சியைச் சந்தேகப்பட்டாள், மருமகளைச் சந்தேகப்பட்டாள், ஜெகதீசனை எத்தனையோ காலமாகச் சந்தேகப்படுகிறாள். இன்றைக்கு அவள் சந்தேகப்படாத ஆள் ஒருத்தன்தான். அவனிடம் போய் நின்று, அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்:

"உள்ள இன்னாடா கீது?"